மலைத் தீவில் ரேடியோ: சமதரைக் கணக்கு செல்லாது

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று வட சென்னைக் கடலோரத்திலேயே வளர்ந்தவர்களுக்கு, மலை குறுக்கே நின்றால் ரேடியோ என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. எண்ணூர் வரை போனாலும் தரை மட்டம்தான். அதனால் இலங்கை மலையகத்தில் இருக்கும் சொந்தக்காரர் "இங்கே எஃப்.எம். சரியா எடுக்கலை" என்று சொன்னால், "ஸ்டேஷனுக்குப் பவர் கம்மியா இருக்கும்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். இவ்வளவு சின்ன அலை மலையைச் சுற்றி அதிகம் வளையாது. ஒரு முகட்டுக்குப் பின்னால் சிக்னல் 20 டெசிபல் விழுந்தால், வந்து சேர்வது நூறில் ஒரு பங்கு. அதைப் பவரால் ஈடுகட்ட, 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை 1000 கிலோவாட் ஆக்க வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள். எதிர்ச் சரிவில் சின்னதாக இன்னொரு டிரான்ஸ்மிட்டர் வைப்பதுதான் வழி. பக்கத்துப் பக்கத்தில் ஒரே அலைவரிசை என்றால் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதால், பெரும்பாலும் வேறு அலைவரிசை கொடுப்பார்கள். ஊர் மாறியதும் டயலைத் திருப்பிப் பார்க்காமல் "ஸ்டேஷன் போச்சு" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு.

சரி, இருப்பதிலேயே உயரமான சிகரத்தில் டவர் வைத்தால்? இலங்கையில் அது பிதுருதலாகலை, 2524 மீட்டர். தடை ஏதும் இல்லாவிட்டால் அங்கிருந்து 200 கிலோமீட்டர் வரை எட்டும் என்று கணக்கு வரும். ஆனால் ஆன்டெனா தன் பலத்தைத் தொடுவானம் நோக்கியே அனுப்புகிறது. நடுவில் மடிப்பு மடிப்பாக மலைகள். விளக்கடியில் இருட்டு மாதிரி, அடிவாரப் பள்ளத்தாக்குகள் விடுபட்டுப் போகலாம். வரைபடத்தில் டவரைச் சுற்றி வட்டம் போட்டு "இதற்குள் எல்லாம் கேட்கும்" என்று நினைப்பதும் இதே கோளாறுதான். தூரத்தைவிட, டவருக்கும் செட்டுக்கும் நடுவே என்ன நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

நம் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி உண்டு: "அந்தக் காலத்தில் இலங்கை வானொலி நம்ம வீட்டுக்கே வந்ததே, அங்கேயே இருக்கிறவங்களுக்கு வராதா?" நியாயமான கேள்வி. ஆனால் அது எஃப்.எம். இல்லை, மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும் வந்தது. மீடியம் வேவுக்குச் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள், அலை நீளம் 400 மீட்டருக்கு மேல். அது மேடு பள்ளத்தில் ஓரளவு வளைந்து போகும். உப்புக் கடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தண்ணீர் மேல் வெகுதூரம் வரும். பாறை நிலத்தில் சீக்கிரம் களைத்துவிடும். இரவில் வானத்து அயனி அடுக்கில் (உயரே மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு) பட்டுத் திரும்பியும் வரும். எஃப்.எம். வேறு ஜாதி. சில நாட்களில் கடல் மேல் சூடான காற்று குளிர்ந்த காற்றை மூடும்போது, தொலைதூர எஃப்.எம். ஸ்டேஷன்கூட விசைப்படகு ரேடியோவில் தெளிவாகக் கேட்கும். வெயில் ஏறியதும் பெரும்பாலும் போய்விடும். அதை வைத்து அந்த ஸ்டேஷனின் எல்லையை முடிவு செய்யக் கூடாது.

கடைசியாக, செட்டைக் கையாளும் விதம். பள்ளத்தாக்கில் நேராக வரும் அலையும் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் மோதி ஓசையைப் பிசிறடிக்க வைக்கும். ஆன்டெனாவை இன்னும் நீட்டினால் சரியாகும் என்பது பொய் நம்பிக்கை, எஃப்.எம்.முக்கு 75 சென்டிமீட்டரே போதும். செட்டை ஒரு கை தூரம் நகர்த்திப் பாருங்கள், சாய்த்துப் பாருங்கள். டவர் மலைக்குப் பின்னால் என்றால், எதிர் மலையைப் பார்த்த ஜன்னலில் நன்றாக எடுக்கலாம். ஸ்டீரியோ, மோனோ பட்டன் இருந்தால் மோனோவில் வையுங்கள். இரைச்சல் நன்றாகக் குறையும்.