நத்தம்–திண்டுக்கல் நடையை இரண்டாகப் பிரித்தேன்

காரைக்குடிப் பக்கமிருந்து தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும்போது குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வரை எனக்குச் சிரமம் இருக்காது. நத்தத்திலிருந்து திண்டுக்கல்தான் சோதனை. சுமார் 37 கிலோமீட்டர், வெறுங்கால். தை மாதமானாலும் பதினொரு மணிக்கு மேல் தார் ரோடு சுடும். குதிகாலும் பெருவிரலின் அடியும் கொப்புளித்துவிடும்.

இப்போது இடையில் கோபால்பட்டியில் தங்கிவிடுகிறேன். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் அன்றைய நடை முடிந்துவிடும். இருட்டில் பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம் வேண்டும், லாரிகள் போகும் ரோடு.

திண்டுக்கல்லுக்கு அப்புறம் பாதி வழியில் ஒட்டன்சத்திரம். அந்த முப்பது கிலோமீட்டரைக் காலையில் கொஞ்சம், மாலை 4 மணிக்கு மேல் மீதி என்று நடந்தால் மறுநாள் பழனிக்குக் கால் தாங்கும்.