"கலாம் ஊரா நீங்க?" என்று கேட்பார்கள்: இன்டர்வியூவில் நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரத்தில் ஒரு பையன் என் கடைக்கு வந்தான். மண்டபத்துக்காரன், டிப்ளமோ மெக்கானிக்கல். சென்னையில் ஜெனரேட்டர் சர்வீஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ முடித்துவிட்டு அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தான்.

"எப்படிப் போச்சு தம்பி?"

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேட்டாங்கண்ணே. இல்லைன்னேன். சரி, சொல்லி அனுப்புறோம்னுட்டாங்க."

நகக்கண்ணில் ஆயில் கறை இன்னும் போகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, தாய்மாமனோடு சேர்ந்து மூன்று போட்டுகளின் இன்ஜினைப் பிரித்து மாட்டியவன் அவன். டீசல் லைனில் ஏர் பிடித்தால் எங்கே தளர்த்தி எங்கே இறுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஜெனரேட்டருக்குள் இருப்பதும் டீசல் இன்ஜின்தானே, சொல்லியிருக்கலாமே என்றேன். "அது போட்டு வேலைண்ணே, அதைப் போய் எப்படி இன்டர்வியூல சொல்றது?" என்கிறான்.

நான் பதினொரு வருடம் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவில் குப்பை கொட்டியவன். இப்போது ஊரில் ஜெராக்ஸ், பிரவுசிங், பயோடேட்டா டைப்பிங் என்று கடை போட்டிருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாகிவிட்டது. நம் கடற்கரைப் பிள்ளைகள் தெரிந்ததையெல்லாம் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, யாரோ எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடும்.

செய்த வேலையை மறைப்பது

பயோடேட்டாவில் "குடும்பத் தொழிலில் உதவி" என்று ஒரு வரி போட்டுவிட்டு வருகிறார்கள். அதைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. என்ன இன்ஜின், எத்தனை சிலிண்டர், எத்தனை படகு, எத்தனை நாள், எதை எதைக் கழற்றினாய் என்று எழுத வேண்டும். ஃபில்டர் மாற்றியது, நாசில் கழற்றிக் கொடுத்தது, வாட்டர் பம்ப் மாட்டியது என்று ஒவ்வொன்றாக. நீயாகச் செய்தது எது, மாமா பக்கத்தில் நிற்கச் செய்தது எது என்பதையும் பிரித்து வைத்துக்கொள். எதிரில் இருப்பவர் தோண்டுவார். தோண்டினால் தண்ணீர் வர வேண்டும், மணல் வரக் கூடாது.

தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி. பி.காம். முடித்தவள், அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். மூன்று வருடமாக அம்மாவின் மகளிர் குழுவுக்கு இவள்தான் கணக்கு எழுதுகிறாள். சிறுகடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் களப்பணியாளர் வேலைக்குப் போனாள். "வட்டிக் கணக்கு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் இருந்த சூத்திரத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்துபோய், அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

என் கடையில் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, 10,000 ரூபாய் கடன், பத்துத் தவணை, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, என்ன வரும் என்றேன். பேனாவைக்கூடத் தொடவில்லை. "முழு முதலுக்கும் கடைசி வரை வட்டி போட்டா 2,000. கட்டக் கட்டக் குறையிற முதலுக்குப் போட்டா 1,100தான்ணே வரும். எங்க குழுவுல ரெண்டாவது மாதிரி" என்றாள். அந்தக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது இதுதான். மாதம் 200, 180, 160 என்று இறங்கி வரும் கணக்கை வீடு வீடாகப் போய் விளக்கத் தெரிந்த ஆள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "எங்கப்பா கடல்ல கஷ்டப்பட்டு என்னைப் படிக்க வெச்சார் சார்" என்று தொடங்கிக் கண் கலங்குவது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. எதிரில் இருப்பவர் மனிதர்தான், உச்சுக் கொட்டுவார். அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அப்பாவின் கஷ்டத்தைவிட, அப்பாவோடு போய் நீ கற்றுக்கொண்டதைச் சொல்.

சொந்த ஊரைப் பற்றித் தெரியாமல் போவது

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று முகவரி இருந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஓ, கலாம் ஊரா?" பேச்சை இளக்கத்தான் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் "எஸ் சார்" என்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கதவைத் திறந்து விட்டால் வாசலிலேயே நிற்கிற மாதிரி. இதே கலாம் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போய், 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரை மட்டும் எடுத்ததால் திரும்பியவர் என்று சொல்லலாம். அவர் படித்த ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில்தான் நானும் படித்தேன் என்று, படித்திருந்தால், சொல்லலாம். ஒரு வரி கூடுதலாகச் சொன்னாலே நாக்கு இளகும்.

அடுத்தது பாலம். பாம்பனிலிருந்து போன மெக்கானிக்கல் பையனிடம், "புதுப் பாலம் எப்படித் தூக்குகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். தினமும் கண் எதிரில் நிற்கிற பாலம். செல்பி எடுத்திருக்கிறான், ரீல்ஸ் போட்டிருக்கிறான், எப்படித் தூக்குகிறது என்று மட்டும் யோசித்ததில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் மேலே எழும்பியது. ஆட்கள் கையால் நெம்பித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு லிப்ட் போல அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகிறது. இரண்டு கோபுரத்திலும் எதிர் எடை தொங்குவதால் மோட்டாரின் தலையில் முழுப் பாரமும் விழுவதில்லை. கிணற்று ஏற்றத்தில் மறுமுனைப் பாரம் பாதி வேலையைச் செய்துவிடுமே, அதே சங்கதிதான். மெக்கானிக்கல் படித்தவன் இந்த நாலு வரியைச் சொன்னால் அவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடல் உயிரியல், மீன்வளம் படித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருடம் மண்டபத்தில்தான் இருந்தது. அப்புறம்தான் கொச்சிக்குப் போனது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் எத்தனை தீவு என்று கேட்டால், 21 என்று சட்டென்று வர வேண்டும். வெளியூர்க்காரன் தெரியாது என்றால் மன்னிப்பார்கள். உள்ளூர்க்காரன் முழித்தால், இவன் எதையும் கவனிக்காத ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மனப்பாடம்

"மைசெல்ஃப்..." என்று தொடங்கும் சுய அறிமுகத்தை யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே நாளில் இருபது பேரிடம் கேட்டால் பதினைந்து பேர் அதே வரிகளை, அதே ராகத்தில் சொல்வார்கள். என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் எல்லாரையும் நம்பிவிடுவது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு கேள்வி போட்டு நிறுத்தினால் மறுபடி முதல் வரிக்குத்தான் போக முடியும். அவ்வளவு கெட்டியாக உருப்போட்டிருப்பார்கள்.

ஆங்கிலம் வரவில்லை என்றால் இரண்டு வரி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "மீதியைத் தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேளுங்கள். தொழிற்சாலை, சர்வீஸ், விற்பனை வேலைகளில் பெரும்பாலும் சரி என்பார்கள். ஐ.டி., கால் சென்டர் என்றால் கதை வேறு. அங்கே ஆங்கிலமே வேலையின் ஒரு பகுதி. ஆறு மாதம் முன்னாலேயே பேசிப் பழகியிருக்க வேண்டும். தெரியாத கேள்விக்குத் தலையை ஆட்டிச் சமாளிக்க வேண்டாம். "இது தெரியாது சார், இதற்குப் பக்கத்தில் இது தெரியும்" என்பது மரியாதையான பதில்.

பெயர், காகிதம், பயணம்

இது அலுப்பான சமாச்சாரம், ஆனால் வேலை கிடைத்த பிறகும் கவிழ்ப்பது இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முகமது ஒரு விதமாக, ஆதாரில் இன்னொரு விதமாக, பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாக ஆங்கில எழுத்து இருக்கும். அந்தோணிக்கும் பெர்னாண்டோவுக்கும் இதே கதி. இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், அவசரத்தில் தப்பும் தவறுமாகக் கொடுத்து வீணாக்க வேண்டாம்.

பயணத்துக்கு ஒரு வார்த்தை. ராமேஸ்வரம் தீவிலிருந்து கிளம்புகிறவர்கள், ஐப்பசி கார்த்திகையில் காற்று அளவுக்கு மீறினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். காலை பத்து மணி இன்டர்வியூவுக்கு அன்று விடிகாலை சென்னையில் இறங்கும் ரயிலை நம்பிப் போகிறார்கள். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள். முடியாவிட்டால் இஸ்திரி போட்ட சட்டையைத் தனியாகப் பையில் வையுங்கள். இரவெல்லாம் போட்டிருந்த சட்டை காலையில் உங்களுக்கு முன்னால் பேசிவிடும்.

"எவ்வளவு கொடுத்தாலும் சரி சார்"

சம்பளம் கேட்டால் இப்படிச் சொல்லிவிட்டு வருவது பணிவு என்று நினைக்கிறார்கள். கணக்குத் தெரியாத ஆள் என்றுதான் அர்த்தமாகும். கம்பெனி சொல்லும் சி.டி.சி., அதாவது உங்களுக்காக அவர்கள் செலவழிக்கும் மொத்தத் தொகை வேறு, கையில் வரும் பணம் வேறு. வருடத்துக்கு 2,40,000 என்றால் மாதம் 20,000 என்று வீட்டில் சொல்லிவிடுவீர்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால், உங்கள் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 பிடிப்பார்கள். கம்பெனி கட்டும் 1,440-ம் அந்த 20,000-க்குள்ளேயேதான் இருக்கும். அப்புறம் இ.எஸ்.ஐ. உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25, அதுவும் அதே 20,000-க்குள்தான். கூட்டிக் கழித்தால் கைக்கு வருவது 16,400 பக்கம். இதில்தான் சென்னையில் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ். ஆகவே "கையில் எவ்வளவு வரும் சார்?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இல்லாத இன்டர்வியூவும் வளைகுடா இன்டர்வியூவும்

"ரயில்வேயில் வேலை, இன்டர்வியூவை நான் பார்த்துக்கொள்கிறேன், மூணு லட்சம் கொடு" என்று ஒருவர் வந்தால், இதை நினைவில் வையுங்கள்: மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கும், கெசட் பதவி அல்லாத குரூப் பி வேலைகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான். இல்லாத இன்டர்வியூவில் யார் யாரைப் பார்த்துக்கொள்ள முடியும்?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவுக்குப் போவது தலைமுறைப் பழக்கம். "மச்சான் கூப்பிட்டுட்டாரு" என்று பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள். மச்சான் கூப்பிட்டால் நல்லது. இடையில் ஏஜென்ட் இருந்தால், அவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள், என் கடையிலேயே பார்த்துத் தருகிறேன். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 35,400. அதற்கு மேல் ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

ஹோட்டல் ஹாலில் நடக்கும் அந்த இன்டர்வியூவில் பேச்சைவிடக் கைவேலைச் சோதனைதான் முக்கியம். வெல்டர் என்றால் வெல்ட் அடித்துக் காட்ட வேண்டும், ஏ.சி. மெக்கானிக் என்றால் கேஸ் நிரப்பிக் காட்ட வேண்டும். நம் ஆட்கள் கோட்டுத் தைத்துக்கொண்டு போய், வெல்டிங் ராடைத் தொட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். தெரிந்த பட்டறையில் ஒரு வாரம் சும்மாவாவது நின்று கையைப் பழக்கிக்கொண்டு போங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும், சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வேண்டும். விசிட் விசாக் குறுக்குவழி இவர்களைத்தான் முதலில் மாட்டிவிடும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழ்நாடு அரசே நடத்தும் நிறுவனமான ஓ.எம்.சி.எல். 1978-லிருந்து இருக்கிறது, அதன் அறிவிப்புகளையும் ஒரு கண் பார்த்து வாருங்கள். கப்பல் வேலை என்றால், ஏஜென்டிடம் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் கப்பலுக்கு ஆள் எடுக்கக் கொடுக்கும் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும்

இன்டர்வியூ முடிந்து வந்தவுடன் ஃபோனை எடுத்து வீட்டுக்குப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ரயில் ஏறும்போது கேள்விகளில் பாதி மறந்துவிடும். எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை மெயில் போட்டுக் கேட்கலாம், தப்பில்லை. தினமும் கூப்பிடுவதுதான் தப்பு.

கடையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். போய் வந்தவர்கள் கேள்விகளை அதில் எழுதிவிட்டுப் போவார்கள், போகிறவர்கள் படித்துவிட்டுப் போவார்கள். அந்த மண்டபத்துப் பையனிடமும் நோட்டைக் கொடுத்தேன். "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று மேலே எழுதிவிட்டு, கீழே பதிலைத் தமிழிலேயே எழுத ஆரம்பித்தான். ஆறு சிலிண்டர், மூன்று போட்டு, வாட்டர் பம்ப் என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் திருப்பினான். அதற்குள் ஆதார் ஜெராக்ஸுக்கு ஆள் வந்துவிட்டது.