பழைய கைக்கடிகாரமும் பாழாய்ப்போன பாலிஷும்

ஈப்போ மெமரி லேன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி, ஒரு தம்பி சீக்கோ 5 கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் நாங்கள் வழக்கமாக உட்காரும் கடைக்கு வந்தான். "அண்ணே, எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க, புதுசு மாதிரியே இல்ல?" என்றான். புதுசு மாதிரி இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. தே தாரேக் ஆறிப்போகும்வரை அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன் நான் அடித்த கூத்தை இப்போது வரும் பிள்ளைகள் வரிசையில் நின்று அடிக்கிறார்கள். கீழே போடாதே, குளிக்கும்போது கட்டாதே என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், அதை விட்டுவிடலாம்.

"ஓடுது பாருங்க" என்றதும் பணத்தை எடுப்பது

விற்பவர் வாட்சை நாலு குலுக்குக் குலுக்கி உங்கள் காதில் வைப்பார். டிக் டிக் கேட்டதும் கை பர்ஸுக்குப் போய்விடும். ஓடும்தான். ஆனால் உள்ளே போட்ட எண்ணெய் எப்போதோ காய்ந்து பிசினாகியிருக்கும், பல்சக்கரத்தின் அச்சுகள் எண்ணெய் இல்லாமல் உரசித் தேய்ந்துகொண்டிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கிரவுன் (பக்கத்தில் திருகும் குமிழ்) வழியாக ஈரம் இறங்கி அதன் தண்டு துருப்பிடிப்பதும் சகஜம். எண்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய வாட்ச் சர்வீஸுக்கு நூற்றைம்பது வெள்ளி கேட்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். சர்வீஸ் ஆகும்வரை தினமும் கட்டவும் வேண்டாம்.

பாலிஷ்

அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தவர். விடியுமுன் இருட்டில் பெரட்டில் பேர் கூப்பிட்டு, பகலில் பால் ஸ்டோரில் நிறுவை பார்த்து, மாலையில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) எழுதி என்று அவருடைய நாள் முழுக்க நேரத்தோடுதான் போகும். 1973 தீபாவளி போனஸில் சீக்கோ 5 வாங்கினார், உள்ளே ஓடுவது 6119 என்ற மிஷின். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் கிடந்து எனக்கு வந்தது. வெள்ளி நிற டயல், நாலு மணிப் பக்கம் தேநீர் சிந்தினாற்போல ஒரு கறை. பட்டை மாட்டும் காதுகளின் இடுக்கில் ரப்பர் பால் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது, நகத்தால் நெம்பினால் இழுபடும். பின்மூடியில் காம்பஸ் முள்ளால் அவரே கீறிய முதலெழுத்து.

2004-இல் அதை ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். "டயலையும் புதுப்பித்து, பாலிஷும் போட்டுவிடவா, எல்லாம் சேர்த்து நூற்றெண்பது வெள்ளி" என்று கேட்டார். தலையாட்டினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கேட்டுத்தான் செய்தார். ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி, வழியெல்லாம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டார்.

கோபத்தோடேயே சொல்கிறேன், என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கால சீக்கோ கேஸ் பலவற்றில் மேல்பக்கம் மெல்லிய கோடுகள் இழைத்த மாதிரி மங்கலாக இருக்கும், பக்கவாட்டு கண்ணாடி போல மின்னும், இரண்டும் சேரும் இடத்தில் கத்தி முனை போல ஒரு விளிம்பு ஓடும். அந்த விளிம்புதான் அந்த வாட்சின் முகவெட்டு. பாலிஷ் சக்கரத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி தேய்த்து, விளிம்பை மழுக்கி, பாதி கரைந்த சோப்புக்கட்டி போல ஆக்கிவிடும். கீறல் போகிறது என்றால் கீறலுக்குப் பக்கத்தில் இருந்த நல்ல இரும்பையும் சேர்த்துச் சீவி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், போன இரும்பு எந்தக் கடையிலும் திரும்ப ஒட்டாது. தங்க முலாம் போட்டது என்றால் இன்னும் மோசம். "20 மைக்ரான்" என்று பின்னால் பெருமையாக அச்சடித்திருப்பார்கள், அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு பாலிஷில் காதுகளின் முனையில் பித்தளை இளித்துக்கொண்டு நிற்கும்.

டயல் கதை தனி. புதுப்பிப்பது என்றால் பழைய பெயின்டைச் சுத்தமாக உரித்துவிட்டு மேலே வேறு அடிப்பதுதான். வெயிலில் பிடித்தால் நடுவிலிருந்து கதிர் விரியும் வெள்ளி டயல், சுவருக்கு அடித்த வெள்ளைச் சாயம் போல ஆகி வந்தது. எழுத்துகள் தடித்துவிட்டன, நிமிடக் கோடுகள் பக்கத்தில் இருக்கும் மணிக் கட்டைகளோடு நேராகச் சேரவில்லை, அடியில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய எண் வரியே காணோம். மும்பையிலிருந்து இணையத்தில் விற்பனைக்கு வரும் ஆரஞ்சும் கிளிப்பச்சையுமாக மறுபூச்சு அடித்த பழைய டயல்களைப் பார்த்து மயங்குகிறவர்களும் இதே மூன்றையும் பார்க்கட்டும். சேகரிப்பவர்கள் கறை படிந்த அசல் டயலுக்குக் கொடுக்கும் விலையில் பாதிகூட மறுபூச்சு டயலுக்குத் தரமாட்டார்கள், நானும் தரமாட்டேன். ஆக, நூற்றெண்பது வெள்ளி செலவழித்து வாட்சின் விலையையும் குறைத்து, அப்பாவின் எழுத்தையும் அழித்தேன். காதிடுக்கில் இருந்த பாலையும் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள், வேலை அவ்வளவு நேர்த்தி.

கடைக்குக் கொடுக்கும்போது வாயால் சொன்னால் போதாது. ரசீதிலேயே "பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம்" என்று எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பின்மூடி எண்ணைப் படிக்காமல் வாங்குவது

பழைய சீக்கோவில் இது சுலபம். பின்மூடியில் 6119-8083 என்பது போல இரண்டு பகுதியாக எண் இருக்கும். முதல் நான்கு மிஷினுக்கு, அடுத்த நான்கு கேஸுக்கு. டயலின் அடியில் உள்ள பொடி எழுத்தும் அதே மிஷின் எண்ணோடுதான் தொடங்க வேண்டும். பின்னால் 6119, டயலில் 7009 என்றால் இரண்டு வாட்சைக் கூறுபோட்டு ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். அப்புறம் ஆறு இலக்கத் தொடர் எண். முதல் இலக்கம் ஆண்டு, அடுத்தது மாதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் O, N, D என்ற ஆங்கில எழுத்துகள். 32 என்று தொடங்கினால் மூன்றில் முடியும் ஆண்டு, பிப்ரவரி. எந்தப் பத்தாண்டு என்பதை மிஷினை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். 6119 என்றால் 1973, ஏனென்றால் 1983-இல் அந்த மிஷின் கிடையாது. 7009 என்றால் இந்தச் சந்தேகம் வரும், அது எழுபதுகளிலும் ஓடியது, எண்பதுகளிலும் ஓடியது.

சந்தையில் யார் எதை நீட்டினாலும் இப்போது நான் புரட்டிப் பார்த்ததும் மாதத்தைச் சொல்லிவிடுவேன். அப்பாவுடையது எந்த மாதம் என்று தெரியாது. பாலிஷ் சக்கரம் பின்மூடியிலும் ஓடியிருக்கிறது, அதற்குமுன் அந்த எண்ணை நான் ஒருநாள்கூடப் படித்ததில்லை.

இரவில் தேதி மாற்றுவது

வாட்ச் காட்டும் நேரம் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்றுவரை இருந்தால் கைவைக்காதீர்கள். உள்ளே சக்கரத்தின் பல் உடையும்.

சாவி கொடுத்துப் பார்த்து "ஸ்பிரிங் போச்சு" என்பது

6119, 7009 இரண்டுக்கும் கையால் சாவி கொடுக்க முடியாது. குலுக்குங்கள்.

இருட்டில் மின்னிய முட்களைச் சுரண்டுவது

1960-களுக்கு முந்தைய வாட்சுகள் பலவற்றில் முள்ளிலும் எண்ணிலும் பூசியது ரேடியம். இப்போது மின்னவில்லையே என்று அலட்சியம் வேண்டாம். கூடக் கலந்த பொருள் செத்துப்போனதால்தான் ஒளி போயிற்று, ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டு ஆகும். கட்டிக்கொள்வதைவிடத் திறப்பதுதான் ஆபத்து, உதிரும் தூள் மூச்சில் போகக்கூடாது. டயலின் அடியில் "T SWISS T" என்று இருந்தால் டிரிடியம், அது பன்னிரண்டு ஆண்டில் பாதியாகும். வீட்டு மேசையில், அதுவும் பிள்ளைகள் சாப்பிடும் மேசையில், ஊசியை வைத்துக்கொண்டு சுரண்டிக் காட்டிய ஒரு மேதாவியை நான் பார்த்திருக்கிறேன்.

தோல் பட்டையோடு பூட்டி வைப்பது

பூசணம். கழற்றிவிட்டு சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

எதையாவது தேய்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு

கை அரிப்பவர்களுக்கு ஒரே ஒரு இடம் உண்டு. பழைய வாட்சுகள் பலவற்றில் மேலே இருப்பது பிளாஸ்டிக் கண்ணாடி, நகத்தால் தட்டினால் மொத்தையாகச் சத்தம் வரும். சுற்றியுள்ள கேஸின் மேல் டேப் ஒட்டிவிட்டு, பருத்தித் துணியில் கொஞ்சம் பற்பசை வைத்து ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் போய்விடும், கண்ணெதிரே டயல் தெளிந்து வரும். நிஜக் கண்ணாடி என்றால் கணீரென்று சத்தம் வரும், அதில் பற்பசை தேய்த்தால் ஒன்றும் ஆகாது. அந்தத் தம்பியின் சீக்கோவில் இருப்பது நிஜக் கண்ணாடி. தட்டியே காட்டினேன். நேற்று வாட்ஸ்அப்பில் மூன்று வகைப் பற்பசையைப் படம் எடுத்து அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருக்கிறான்.