'எக்கோ டூர்' என்று போட்டிருந்தால் போதுமா? குரூஸ் பயணிகள் கரையில் செய்யும் தவறுகள்

குரூஸ் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது பெரும்பாலும் எட்டு முதல் பத்து மணி நேரம். இறங்கும் வரிசை, பஸ் பயணம், கப்பல் கிளம்பும் முன் திரும்ப வேண்டிய கெடு எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம்தான். அதற்குள் பவளப்பாறையோ பனியாறோ திமிங்கிலமோ பார்த்தாக வேண்டும். பார்க்கிற இடத்துக்குக் கெடுதலும் செய்துவிடக் கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த அவசரத்தில் முதலில் ஏமாறுவதும் அந்த நல்ல எண்ணம் உள்ளவர்கள்தான்.

ஏமாற்றம் புக்கிங் செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. டூர் பட்டியலில் இயற்கைக்குக் கெடுதல் செய்யாதது என்று பொருள்படும் 'எக்கோ' என்ற சொல்லும் ஓரத்தில் ஒரு பச்சை இலையும் இருந்தால் மனம் சமாதானமாகிவிடும். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். காட்டுப் பாதையை உழுதுகொண்டு நாலு சக்கர மோட்டார் வண்டி ஓட்டுவதையும் அதே பெயரில் விற்பார்கள். சொல்லை விட்டுவிட்டுக் கேள்வி கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? விலங்கிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்போம்? தீனி போட்டு வரவழைக்கிறீர்களா? ஒழுங்காக நடத்துகிறவர்களிடம் இதற்கெல்லாம் எண்களோடு பதில் இருக்கும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

சான்றிதழ் இருக்கிறது என்று சொன்னால், கொடுத்தது யார் என்று பாருங்கள். குளோபல் சஸ்டெய்னபிள் டூரிசம் கவுன்சில் என்ற அமைப்பின் பெயரைப் பல விளம்பரங்களில் காணலாம். அந்த அமைப்பு அளவுகோல்களை வகுக்கிறது, சான்று தரும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. டூர் நடத்துபவர்களுக்கு நேரடியாகச் சான்று தருவதில்லை. 'உறுப்பினர்' என்பதும் 'சான்று பெற்றவர்' என்பதும் வேறு வேறு.

அடுத்தது, 'கண்டிப்பாகப் பார்க்கலாம்' என்ற உறுதிமொழியை நம்பி அதையே தேர்ந்தெடுப்பது. அலாஸ்காவின் ஜூனோவில் கோடைக்காலத்தில் திமிங்கிலம் பார்ப்பது கடினமே அல்ல, அதனால் இந்த உறுதிமொழியில் பொய் இல்லை. ஆனால் அது படகோட்டியை என்ன செய்யத் தூண்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு படகு திமிங்கிலத்தைக் கண்டுவிட்டால் மற்ற படகுகளும் அங்கேயே வந்து குவிகின்றன. அலாஸ்கா கடலில் ஹம்ப்பேக் எனப்படும் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் தூரத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. இவற்றில் பல குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கழிக்கின்றன. அங்கே அவை சாப்பிடுவது அநேகமாக இல்லை. வருடம் முழுவதற்குமான கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள அவை அலாஸ்காவுக்கு வருகின்றன. நாம் படம் எடுக்கும் நேரம் அதன் சாப்பாட்டு நேரம்.

விதியை மீறுவது எப்போதும் படகோட்டி மட்டும் அல்ல. "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்களேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழும். டிப்ஸை நம்பிப் பிழைப்பவர் அந்தக் குரலுக்கு இணங்கினால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தள்ளி நின்று எஞ்சின் வேகத்தைக் குறைத்தவருக்கு, காரணத்தைச் சொல்லியே கூடுதலாக டிப்ஸ் கொடுங்கள். ஜூனோவில், திமிங்கிலத்தைப் பொறுப்போடு பார்ப்பதற்கான 'வேல் சென்ஸ்' என்ற தன்னார்வத் திட்டத்தில் சேர்ந்து பயிற்சி பெற்ற படகு நிறுவனங்கள் உண்டு. முன்கூட்டியே அதைப் பார்த்து புக் செய்யலாம்.

தீனி விஷயத்துக்கு வருவோம். கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவுக்குப் போகும் கப்பல் பயணிகள் பலரும் திருக்கை மீன்கள் கூடும் மணல்திட்டுக்குப் போகிறார்கள். அந்தக் காலத்தில் மீனவர்கள் அங்கே படகை நிறுத்தி மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கடலில் வீசினார்கள். அதைத் தின்னப் பழகிய திருக்கைகள் அங்கேயே தங்கிவிட்டன. இன்று தீனி போடுவது சுற்றுலாப் பயணிகள். இயல்பில் இரவில் இரை தேடும் இந்த மீன்கள் அங்கே பகலில் சுற்றித் திரிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது என்று உள்ளூர் விதி சொல்கிறது. அப்படியிருந்தும் கையில் ஏந்திய படங்கள் குறைவதில்லை. போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், விலங்கைத் தொடலாம், கட்டிப்பிடிக்கலாம் என்று விற்கப்படும் எதையும் 'எக்கோ' கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்து பவளப்பாறை பார்க்கும் ஸ்நோர்கெலிங்குக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, சன்ஸ்கிரீன் டியூபில் 'பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது' என்று எழுதியிருப்பதை நம்புவது. முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய இரண்டு ரசாயனங்களில் ஏதாவது ஒன்று கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பசிபிக் தீவு நாடான பலாவ் அதற்கு ஒரு வருடம் முன்பே இன்னும் நீண்ட பட்டியலோடு தடை கொண்டுவந்துவிட்டது. இதைவிடச் சுலபமான வழி முழுக்கை நீச்சல் சட்டை. முதுகு முழுவதும் மூடிவிடும்; பூசவேண்டியது முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும்.

சன்ஸ்கிரீனைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் நம் கால்களை மறந்துவிடுகிறோம். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் பதறி எழுந்து நிற்கும் இடம் பல நேரம் உயிருள்ள பவளம். பெரிய உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கின்றன. மாஸ்க்கையும் காலில் மாட்டும் துடுப்பையும் மணல் பகுதியில் போட்டுப் பழகிய பிறகே பாறைப் பக்கம் போக வேண்டும். நீச்சல் உறுதியில்லாதவர்கள் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. கரீபியனில் உள்ள பொனேர் தீவின் கடல் பூங்காவில் முக்குளிப்பவர்கள் கையுறை அணியத் தடை இருக்கிறது. வெறுங்கையாக இருந்தால் யாரும் எதையும் பிடிக்கத் துணிய மாட்டார்கள் இல்லையா, அதனால்தான்.

சில இடங்களில் தவறு கப்பலைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்க முடியாது. சிறிய கப்பல்களிலிருந்தும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம். இதைப் பார்க்காமல் விலை குறைந்த பெரிய கப்பலில் டிக்கெட் எடுத்துவிட்டு, பெங்குவினைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் பயணிகள் தங்கிச் சுற்றும் கப்பலுக்கு உச்சவரம்பே 100 பேர். அங்கே தேசியப் பூங்கா அங்கீகரித்த வழிகாட்டியோடுதான் இறங்க வேண்டும், விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அண்டார்டிகாவில் இறங்கும் முன் பூட்ஸைக் கழுவச் சொல்வார்கள், பையின் மூலைகளையும் வெல்க்ரோ பட்டைகளையும்கூட வேக்குவம் போடச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். வெல்க்ரோவில் ஒட்டிய ஒரு புல்விதை போதும், அங்கே இல்லாத ஒரு செடி முளைக்க.

அப்புறம் கூட்டம். ஜூனோவுக்கு ஒரு நாளில் ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வரக் கூடாது என்று நகர நிர்வாகம் கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து 2024 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்படியும் பல ஆயிரம் பேர் ஒரே காலையில் இறங்குகிறார்கள். எல்லோரும் போகும் பிரபல இடத்துக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வருவதைவிட, துறைமுகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய சதுப்புநிலப் பாதையோ பறவைகள் வரும் கடலோரமோ எனக்கு எப்போதும் மேல். பனியாற்றின் மேல் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, பனி உருகுவதைப் பற்றி உரை கேட்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உள்ளூர்க்காரர் நடத்தும் சிறிய டூரில் போனால் பணம் அந்த ஊரிலேயே தங்கும். ஆனால் ஒன்று: கப்பல் மூலம் புக் செய்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும் அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்கள். நீங்களாக ஏற்பாடு செய்ததற்கு அந்த வசதி கிடையாது. கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் ஒரு மணி நேரம் வேறுபடுவதும் உண்டு, இறங்கும்போதே சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக, பைக்குள் வருவது. கடைகளில் விற்கும் ஆமையோட்டு வளையல் பெரும்பாலும் அழுங்காமையின் ஓடு. அதன் சர்வதேச வணிகத்தை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் தடுக்கிறது. கரீபியனின் ராணிச் சங்குக்கு அதே ஒப்பந்தத்தில் ஆளுக்கு மூன்று வரை விலக்கு உண்டு, ஆனால் எல்லா நாட்டுச் சுங்கமும் அந்த விலக்கை ஒரே மாதிரி ஏற்பதில்லை. கடையில் விற்கிறார்கள் என்பதால் எல்லை தாண்டலாம் என்று அர்த்தமில்லை. காசு கொடுக்காமல் எடுப்பதற்கும் அபராதம் உண்டு: இத்தாலியின் சார்டினியா தீவில் 2017இல் வந்த சட்டப்படி கடற்கரை மணலையோ கூழாங்கல்லையோ சிப்பியையோ எடுத்துச் சென்றால் 500 முதல் 3,000 யூரோ வரை கட்ட வேண்டும்.