கெமிஸ்ட்ரி எக்ஸாம் முடிஞ்சதும் ஆன்சர் செக் பண்றது எப்படி? (எலக்ட்ராலிசிஸ், துரு கேள்விகளுக்கு)

ஹாலை விட்டு வெளிய வந்ததும் "உனக்கு என்ன வந்துச்சு"ன்னு கேக்காத பிளஸ் டூ பசங்க கிடையாது. கேளுங்க, தப்பே இல்ல. ஆனா அஞ்சு பேருக்கு ஒரே ஆன்சர் வந்துச்சுன்னா அதுதான் ரைட்டுன்னு முடிவு கட்டாதீங்க, அஞ்சு பேரும் ஒரே இடத்துல கோட்டை விட்டிருக்கலாம். இந்தப் பாடத்துல (எலக்ட்ராலிசிஸ்னா கரண்ட் விட்டு ஒரு பொருளைப் பிரிக்கறது) தப்பான ஆன்சரே எங்க தப்புன்னு காட்டிக் குடுத்துடும், அதைப் பிடிக்கக் கத்துக்கணும்.

ஸ்டெப் 1: ஆன்சரைப் பாக்கறதுக்கு முன்னாடி கேள்வியைப் பாருங்க. உருக்குன உப்பா, உப்புக் கரைசலா? உருக்குனதுன்னா கேத்தோடுல (இங்க மைனஸ் பக்க எலக்ட்ரோடு) சோடியம் வரும். அடர் கரைசல்னா அங்க ஹைட்ரஜன்தான் வரும், ரெண்டுலயும் ஆனோடுல (இங்க பிளஸ் பக்கம்) குளோரின். காப்பர் சல்பேட் கேள்வின்னா எலக்ட்ரோடு எதுன்னு பாருங்க. பிளாட்டினம்னா ஆனோடுல ஆக்சிஜன், காப்பர்னா ஆனோடே கரைஞ்சு போகும். பாதி சண்டை இங்கயே முடிஞ்சுடும்.

ஸ்டெப் 2: கணக்கு. இதுக்குத்தான் நேரம் எடுத்துக்கணும். உதாரணத்துக்கு காப்பர் சல்பேட் கரைசல்ல 2 ஆம்பியர் கரண்ட் 30 நிமிஷம் போச்சுன்னு வைங்க, 30 நிமிஷம்னா 1800 செகண்ட், அப்ப சார்ஜ் 3600 கூலும், இதை காப்பரோட அணு எடை 63.5 ஆல பெருக்கி, 2 x 96500 ஆல (96500 கூலும்ங்கறது ஒரு மோல் எலக்ட்ரானோட சார்ஜ்) வகுத்தா சுமாரா 1.18 கிராம் காப்பர் படியும். இப்ப உங்க ஃபிரண்டுக்கு 2.37 வந்திருந்தா, அது சரியா டபுள், அதாவது காப்பர் அயனிக்கு 2 எலக்ட்ரான் வேணுங்கறதை விட்டுட்டாங்க. 0.59 வந்திருந்தா அதே 2 ஆல ரெண்டு தடவை வகுத்திருக்காங்க, சமான எடை 31.75 (அதாவது 63.5-ஐ ஏற்கனவே 2 ஆல வகுத்தது) போட்டுட்டு திரும்பவும் வகுக்கறவங்க நிறைய பேர். 0.02 பக்கம் வந்தா நிமிஷத்தை செகண்டா மாத்தல. ரெண்டு ஆன்சரையும் ஒண்ணை இன்னொண்ணால வகுத்துப் பாருங்க, 2 வந்தா எலக்ட்ரான், 60 வந்தா டைம், அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: பிளஸ் மைனஸ் குழப்பம். எலக்ட்ராலிசிஸ்ல ஆனோடு பிளஸ், கால்வானிக் செல்லுல (பேட்டரி மாதிரி கரண்ட் தர்ற செல்) ஆனோடு மைனஸ். ரெண்டுலயும் மாறாதது, ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானை விடறது) ஆனோடுல நடக்கும்ங்கறது மட்டும்தான். அதை வச்சு செக் பண்ணுங்க, குறியை வச்சு பண்ணாதீங்க.

ஸ்டெப் 4: துரு. இரும்பு ஆனோடா எலக்ட்ரானை விட்டு அயனியா மாறுது, அந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்குது, அதனால தண்ணியும் காத்தும் ரெண்டும் வேணும்னு எழுதியிருக்கணும். பெரும்பாலும் சண்டை வர்றது கீறல் கேள்வியிலதான். ஜிங்க் பூசுன இரும்புல கீறல் விழுந்தாலும் இரும்பு தப்பிக்கும், தகரம் (டின்) பூசுனதுல கீறல் விழுந்தா இரும்பு இன்னும் வேகமா போயிடும். ஏன்னா எலக்ட்ரோடு பொட்டென்ஷியல்னு ஒரு மதிப்பு இருக்கு, அது ஜிங்க் மைனஸ் 0.76, இரும்பு மைனஸ் 0.44, தகரம் மைனஸ் 0.14 வோல்ட், யாருக்கு மதிப்பு ரொம்ப மைனஸோ அவங்கதான் முதல்ல கரைவாங்க. பூமிக்கடியில போற இரும்புக் குழாயோட மெக்னீசியத்தை இணைக்கறதும் இதே காரணம்தான்.

ஸ்டெப் 5: எங்க தப்புன்னு தெரிஞ்சதும் அந்தக் கணக்கை நம்பர் மாத்தி, வேற உலோகம் போட்டு, அன்னைக்கே இன்னொரு தடவை போடுங்க. சில்வருக்கு 1 எலக்ட்ரான், அலுமினியத்துக்கு 3, இந்த ரெண்டையும் போட்டுப் பாத்தா போதும்.