டிஸ்போசல் லாரியின் சைலன்சரில் கை வைக்கும் முன்

சேலத்தில் மிலிட்டரி டிஸ்போசல் வண்டி, அதாவது ராணுவம் ஓட்டிவிட்டு ஏலத்தில் கழிக்கும் பழைய வண்டி, வாங்குகிறவர்களின் வயது வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. முன்பெல்லாம் தோட்டத்துக்காரர்களும் மரம் இழுக்கிறவர்களும்தான் தேடி வாங்குவார்கள். இப்போது கல்லூரி முடித்த கையோடு பையன்கள் ஏலத்தில் எடுத்து ஓட்டி வருகிறார்கள். சிலரிடம் ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் செய்த சக்திமான் இருக்கிறது, சிலரிடம் நிசான் ஒரு டன். வாங்கிய எல்லாரும் முதலில் கை வைக்கும் இடம் சைலன்சர்தான். அதில் தப்பில்லை. ஏலத்துக்கு வரும் வண்டியில் பெரும்பாலும் அது துருவேறி ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போதுதான் எழுதத் தோன்றுகிறது. கேஸ்கெட் போட மறப்பது, கிளாம்ப் முறுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் ஸ்டார்ட்டிலேயே தானாகத் தெரிந்துவிடும்.

சைலன்சரைக் கழற்றினால் இழுவை கூடும் என்று நம்புவது

கூடாது. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினில் இழுவையைத் தீர்மானிப்பது பம்ப் எவ்வளவு டீசல் தள்ளுகிறது, உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்பதுதான். கூடுவது சத்தம் மட்டும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காதுக்குத் தோன்றும், அவ்வளவே.

மேனிஃபோல்டிலிருந்து பாடி வரை ஒரே இறுக்கமாக வெல்டிங் அடிப்பது

எஞ்சினின் எல்லா சிலிண்டர்களின் புகையையும் சேர்த்து பைப்புக்கு அனுப்பும் பாகம்தான் மேனிஃபோல்டு. பாடி என்றால் பின்னால் லோடு ஏற்றும் பெட்டி. எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது. காசும் இதில்தான் அதிகம் போகும்.

ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சக்திமானோடு வந்தார். வால்வைத் திறக்கும் டேப்பட்டில்தான் கோளாறு என்று நினைத்திருந்தார். "அண்ணா, டேப்பட் சத்தம் போகவே மாட்டேங்குது. பார்த்தவங்க எல்லாம் டேப்பட் செட்டிங் பண்ணிட்டாங்க, அப்பவும் அப்படியே இருக்குது."

"சைலன்சர் எப்ப மாத்துனீங்க?"

"அது ஆச்சு, ஆறேழு மாசம். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று அடிக்கிறது. கொஞ்சம் சூடானதும் சத்தம் தேய்ந்து நின்றுவிடுகிறது. டேப்பட் சத்தம் இப்படிச் சூட்டில் சுத்தமாகக் காணாமல் போகாது. டார்ச் அடித்து மேனிஃபோல்டின் அடிப்பக்கம் பார்த்தால், அதை எஞ்சினோடு பிடிக்கும் கடைசி ஸ்டட்டின் ஓட்டையிலிருந்து, புகை வரும் வாயான போர்ட்டை நோக்கி மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. விரலால் துடைத்தால் கரி. விரிசல் அது. ஆறியிருக்கும்போது திறந்து புகையை விடுகிறது, சூட்டில் இரும்பு விரிந்ததும் மூடிக்கொள்கிறது.

காரணம் கீழே இருந்தது. கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறையில் சைலன்சர் வேலையைக் கொடுத்திருக்கிறார். மேனிஃபோல்டோடு பைப்பை இணைக்கும் பிளாஞ்சிலிருந்து கனமான பைப், அங்கிருந்து கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் குழாய். அந்தக் குழாயை ஆங்கிள் வைத்துப் பாடியோடு வெல்டிங். எங்கேயும் வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாயான பெல்லோஸ் ஒன்று கிடையாது, ஒரு ரப்பர் கிடையாது. பார்ப்பதற்கு வேலை படு சுத்தம். அதுதான் பிரச்சினையே. கேட்டுக்கு அசையாமல் நிற்பது நல்லது, சைலன்சர் பைப்புக்கு அது நல்லதில்லை.

எஞ்சின் தன் மவுண்ட்டில் ஆடும். ஆக்சிலேட்டர் மிதித்தால் ஒரு பக்கம் சாயும், நிறுத்தும்போது ஒரு உலுக்கு உலுக்கி அடங்கும். மிலிட்டரி லாரியின் சேசிஸோ மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்வதற்கென்றே செய்தது. சந்தேகம் இருந்தால் முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் ஆளுக்கொரு கல்மேட்டில் ஏற்றி, கேபினுக்கும் பாடிக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு மூலையில் விரல் நுழையாது, மறு மூலையில் கையே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் வளையாத பைப்பைப் போடுவது, ஒரு முனையைச் சுவரில் பதித்து மறுமுனையை ஊஞ்சலில் கட்டிய மாதிரி. ஏதாவது ஒன்று உடைந்தே ஆக வேண்டும். பைப் உடையாது, அது கனம். ஆங்கிளும் உடையாது. வார்ப்பிரும்பில் செய்த மேனிஃபோல்டுதான் வளையத் தெரியாது, அதுதான் விரிசல் விடும்.

இதோடு சூடு வேறு. சாதாரண இரும்பு ஒவ்வொரு மீட்டருக்கும் 100 டிகிரிக்குச் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். இரண்டு மீட்டர் பைப் 300 டிகிரி சூடேறினால் ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளம் கூடும். இரண்டு பக்கமும் கட்டிப்போட்டால் அந்த ஏழு மில்லிமீட்டர் எங்கே போகும்? பிளாஞ்சைத் தள்ளும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேனிஃபோல்டை விட்டு இறங்கியதும், பைப்பைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் முதல் ஹேங்கர் சேசிஸில் வருவதற்கு முன்பே, ஒரு பெல்லோஸ். உள்ளே இன்டர்லாக் குழாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் பின்னல் போட்டது சீக்கிரம் பிய்ந்துவிடும். பெல்லோஸ் வளையும், நீளும், சுருங்கும். ஆனால் முறுக்கினால் தாங்காது. அதனால் பைப்பைத் திருகிப் பிடித்துக்கொண்டு வெல்டிங் வைக்கக் கூடாது. பெல்லோஸுக்குப் பின்னால் உள்ள எடை முழுவதும் ரப்பர் ஹேங்கரில் தொங்க வேண்டும், மேனிஃபோல்டில் தொங்கக் கூடாது. நிமிர்ந்த குழாய் வேண்டுமென்றால் அதை சேசிஸோடு சேர்த்து ரப்பர் வைத்துப் பிடியுங்கள். பாடியோடு வேண்டாம்.

வெல்டிங் வைக்கும் முறையிலும் இதே கோளாறு வரும். எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் போட்டு, பைப் தானாக உட்காரும் இடத்தில் உட்காரவிட்டு, வண்டியிலேயே புள்ளி வெல்டிங் வையுங்கள். பிறகு கழற்றி வெளியே வைத்து முழு வெல்டிங். பிளாஞ்சைக் கனமான ஒரு தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வெல்டிங் வைத்தால் கோணாது. முடிந்ததும் மறுபடி மாட்டும்போது கடப்பாரை போட்டு நெம்பினால்தான் ஓட்டை ஒத்துவருகிறது என்றால், வேலை தப்பு. வெட்டி மறுபடி வையுங்கள். நெம்பி மாட்டிய பைப் அன்றிலிருந்தே மேனிஃபோல்டை இழுத்துக்கொண்டிருக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். ஹேங்கர் பக்கத்தில் பைப்பிலும் சேசிஸிலும் நேருக்கு நேர் கோடு போடுங்கள். ஒருவரை ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டுக் கோட்டையே பாருங்கள். பெல்லோஸுக்கு முன்னால் உள்ள பைப் எஞ்சினோடு சேர்ந்து ஆட வேண்டும். பின்னால் உள்ள கோடு கிட்டத்தட்ட நகரக் கூடாது. இரண்டுமே அசையவில்லை என்றால் எங்கேயோ கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தம்பியின் கதையில் இன்னொன்றும் இருந்தது. ஆறு சிலிண்டர் மேனிஃபோல்டு நீளமானது. சூட்டில் நீள்வதற்காக ஓரத்து ஓட்டைகளை ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விட்டிருப்பார்கள். பட்டறையில் யாரோ "லூஸா இருக்குது" என்று ஓட்டையை இறுக்க அதில் புஷ் வளையம் அடித்திருக்கிறார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். மேனிஃபோல்டு நீள இடமில்லாமல் போய்விட்டது.

விரிசல் விட்ட பிறகு என்ன செய்வது என்று கேட்பார்கள். வார்ப்பிரும்பை முழுவதுமாகச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு வெல்டிங் வைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். பிறகு முகத்தை கிரைண்டிங் பிடித்துத் தட்டையாக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. பித்தளை வைத்து ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், அது இந்தச் சூட்டில் நிற்காது. புதிதாக வாங்கலாம் என்றால், சக்திமான் உற்பத்தி நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் விசாரித்து, டெல்லி மாயாபுரிக்குப் போன் போட்டு, ஏதோ ஒரு பழைய எஞ்சினிலிருந்து கழற்றியதை லாரி பார்சலில் வரவழைக்க வேண்டும். வந்ததிலும் விரிசல் இருக்கும், சில சமயம். ஒரு பெல்லோஸின் விலைக்குப் பார்த்தால் இதெல்லாம் வேண்டாத வேலை.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்பது

ஸ்டீல் பிளாண்ட் ஊர்க்காரர்கள் நாம், எதையும் ஸ்டெயின்லெஸில் செய்யத்தான் கை போகும். 304, 202, 409 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ரகங்களின் எண்கள். 304-ஐப் போலவே 202-லும் காந்தம் ஒட்டாது. 304 என்று சொல்லி அதைத் தலையில் கட்டிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், கம்பெனிக்காரர்கள் சைலன்சருக்குப் போடும் 409 ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். 304 தப்பில்லை, ஆனால் அது சாதாரண இரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நீளும். மேலே சொன்ன ஏழு மில்லிமீட்டர் இதில் பத்தாகிவிடும். ஸ்டெயின்லெஸையும் இரும்பையும் சேர்க்கிற இடத்தில் 309 வெல்டிங் ராடு கேட்டு வாங்குங்கள்.

தண்ணிக் குழாய்க்கு வரும் ஜிஐ பைப்பைப் போடுவது

வேண்டாம். ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் புகை வரும், அன்று ராத்திரியே குளிர் ஜுரம் அடிக்கும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். ஆகாது.

வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை எங்கேயோ மாட்டுவது

வெல்டிங் வைக்கும் பைப்பிலேயே, வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும். பேரிங் ஏன் இரைகிறது என்று அப்புறம் தலையைச் சொறிய வேண்டும்.

பைப்பின் வாயைப் படுதாவுக்கு அடியிலேயே விட்டுவிடுவது

படுதா போட்ட லாரியில் பின்பக்கம் திறந்திருக்கும். வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, வெளியே போன புகையை உள்ளே இழுக்கும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால் எல்லாரும் வளைவின் மேல்தான் பழி போடுவார்கள், கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுப்பார்கள். மலையேற்றத்தில் எஞ்சின் முழு மூச்சாக இழுக்கும்போதுதான் புகையும் அதிகம். பெட்ரோல் நிசானாக இருந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒன்றுமில்லாமல் பின்னால் இருப்பவர்களுக்கு மட்டும் தலைவலி என்றால், வண்டியை ஓரங்கட்டி எல்லாரையும் காற்றோட்டமாக இறக்கிவிடுங்கள். பைப்பின் வாய் பாடியின் ஓரத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும். மோட்டார் வாகன விதிகளின்படி அது கீழ்நோக்கியும் இருக்கக் கூடாது, இடது பக்கமும் பார்க்கக் கூடாது. இடது பக்கம்தான் நடந்து போகிறவர்கள் இருப்பார்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தூக்கிப் போடுவது

சில டீசல் லாரிகளில் மேனிஃபோல்டுக்கு அடுத்து பைப்புக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கும். ஏலத்தில் வரும்போது அது பெரும்பாலும் கரி பிடித்து இறுகிப்போயிருக்கும். "இது எதுக்குன்னே தெரியலைங்க, புகையை அடைக்குது" என்று கழற்றிவிட்டு நேர் பைப் போடுகிறார்கள். அந்தத் தகடு மூடினால்தான் மலையிறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். அது இல்லாமல் லோடோடு ஏற்காட்டிலிருந்து இறங்குகிறவர் முழுக்கக் கால் பிரேக்கையே நம்பி இறங்குகிறார். டிரம் சூடேறினால் பாதி மலையிலேயே பிரேக் கை கொடுக்காது. கழற்றி டீசலில் ஊறவையுங்கள், கரியைச் சுரண்டுங்கள், மறுபடி போடுங்கள். பைப்பில் அதற்கு முன்னால் புகை கசிந்தாலும் பிடிப்பு குறையும்.

நிமிர்ந்த குழாய்க்கு மூடி போடாதது

சேர்வராயன் மலையில் ஒரு ராத்திரி மழை போதும். தண்ணீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போனால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும். மேலே மூடி, கீழே தாழ்ந்த வளைவில் தண்ணீர் வடிய மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று.

டீசல் லைன், பிரேக் லைன் பக்கத்தில் பைப் கொண்டுபோவது

டீசல் லைனுக்கு விதி சொல்லும் இடைவெளி 35 மில்லிமீட்டர். நான் அதுபோல இரண்டு மடங்கு விட்டு, நடுவில் ஒரு தகடும் வைப்பேன்.

பழைய கயிற்றுச் சுற்றை உரித்து ஊதுவது

பழைய மிலிட்டரி வண்டிகளின் பைப்பில் சுற்றியிருக்கும் வெள்ளை, சாம்பல் நிறக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கம்ப்ரஸர் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு நனைத்து, நல்ல மாஸ்க் போட்டு, கிழியாமல் எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். பட்டறையில் சின்னப் பையன்கள் இருந்தால் வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

சத்தம்

சைலன்சர் இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் கேஸ்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். ராத்திரியில் மலையில் காட்டெருமை ரோட்டோரம் நிற்கும், அதுவும் வெருளும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முறுக்காமல் விடுவது

ஒருமுறை மலையேறி இறங்கி வந்ததும் கேஸ்கெட் அமுங்கியிருக்கும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக முறுக்குங்கள். மேனிஃபோல்டு ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியாமல் வரும்.