எயார் ரைபிள் மரப்பிடிக்கு எண்ணெய் ஏற்றும் முன்

திருகோணமலைக் கடற்காற்றில் எயார் ரைபிளின் பழைய வார்னிஷ் உரிந்து, கன்னம் படும் இடம் சொரசொரத்துப் போயிருந்தால் மறுபடி வார்னிஷ் பூசாதீர்கள். எண்ணெய் ஏற்றுங்கள். பிறகு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம்.

உள்ளே குண்டு இல்லை, ஸ்பிரிங் அமுங்கி நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, திருகாணிகளைக் கழற்றி இரும்புப் பகுதியைத் தனியே எடுங்கள். 120, அப்புறம் 240 இலக்கச் சாண்ட்பேப்பரால் மர ரேகையோடு தேயுங்கள். அடுத்ததுதான் பலர் விட்டுவிடும் வேலை: ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்ததும் தடவிப் பாருங்கள், ஒருநாள் தாடிபோல நார் எழுந்து நிற்கும். 320ஆல் இலேசாகத் தேய்த்து, மறுபடி நனைத்து, மறுபடி தேயுங்கள். நார் எழாமல் நின்ற பிறகுதான் எண்ணெய்.

பொயில்ட் லின்சீட் ஒயில் (சீக்கிரம் காயும் வகை ஆளிவிதை எண்ணெய்) சில துளி போதும். உள்ளங்கை சூடேறத் தேய்த்து, மிஞ்சியதைத் துடையுங்கள். ஒரு பூச்சுக்கு ஒரு நாளாவது விடுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள் இதற்கு நல்லது. மார்கழி மழையில் பிசுபிசுத்தே கிடக்கும். இரும்புப் பகுதி உட்காரும் உட்குழிவுக்கும் மெல்லியதாகப் பூசுங்கள், ஈரம் அங்கேயும் ஏறும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.